டி. எஸ். வெங்கடராமன்

சர் திருவடி சாம்பசிவ ஐயர் வெங்கடராமன் (ஜூன் 15, 1884 – ஜனவரி 18, 1963) இந்தியத் தாவரவியலாளரும் கரும்பு இனப்பெருக்க வல்லுநரும் ஆவார். கோயம்புத்தூரிலுள்ள கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி, கோ என்னும் முன்னெழுத்துடன் உலகம் முழுவதும் அறியப்பட்ட கரும்பு இரகங்களை உருவாக்கினார். சர்க்கரையை இறக்குமதி செய்துவந்த இந்தியா தன் தேவையைத் தானே நிறைவு செய்துகொள்ளும் நாடாக மாறியதற்கு இவருடைய கலப்பின இரகங்கள் முதன்மையான காரணங்களுள் ஒன்று. இவருடைய பணியின் அடித்தளம் ஒரு தாவரவியல் உண்மையில் உள்ளது. வட இந்தியாவில் விதை தராத கரும்பு, கோயம்புத்தூரில் பூத்து விதை தருகிறது என்பதே அது.

பின்னணி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவில் கரும்பு பெருமளவில் பயிரிடப்பட்டாலும் அதன் விளைச்சல் குறைவாகவே இருந்தது. கரும்புப் பரப்பின் பெரும்பகுதி கங்கைச் சமவெளியிலும் பஞ்சாபிலும் இருந்தது. அங்கு பயிரிடப்பட்ட நாட்டுக் கரும்புகள் விரல் பருமனே உடையவை. குளிரையும் வறட்சியையும் தாங்கினாலும் சாறு குறைவாகத் தந்தன. தென்னிந்தியாவில் பயிரான தடித்த கரும்பு இனிப்பும் சாறும் மிக்கது. ஆனால் அது வடக்கின் குளிரைத் தாங்காது. நோய்க்கும் எளிதில் ஆட்படும். 1890களில் கோதாவரிக் கழிமுகப் பகுதியில் செவ்வழுகல் நோய் பரவிக் கரும்புத் தோட்டங்களை அழித்தது. இதனை ஆராய்வதற்காகச் சாமர்லகோட்டாவில் ஒரு பண்ணை அமைக்கப்பட்டது. அப்பணியில் ஈடுபட்டவர் சென்னை மாகாண அரசின் தாவரவியலாளரான சார்லஸ் ஆல்பிரட் பார்பர் ஆவார்.

இதே காலத்தில் ஜாவாத் தீவில் டச்சுக்காரர்கள் உற்பத்தி செய்த வெள்ளைச் சர்க்கரை இந்தியச் சந்தையில் மலிவாக வந்து குவிந்தது. நாட்டு வெல்லத்தை நம்பியிருந்த உழவர்களுக்கு இது பெரும் போட்டியாயிற்று. இதற்குத் தீர்வாகப் புதிய கரும்பு இரகங்களை உருவாக்க 1912ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. பார்பர் அதன் வல்லுநராக நியமிக்கப்பட்டார். அவருக்குத் துணைவராகப் பணியில் சேர்ந்தவர் வெங்கடராமன்.

கோயம்புத்தூர் தேர்ந்தெடுக்கப்பட்டமைக்கான காரணம்

கரும்பு வழக்கமாகக் கரணைகளை நட்டே பயிரிடப்படுகிறது. கரணையிலிருந்து வளரும் செடி தாய்ச் செடியின் நகலாகும். எனவே கரணை நடவு வழியாகப் புதிய இரகம் தோன்றுவது அரிது. புதிய இரகம் வேண்டுமெனில் இரண்டு செடிகளின் பூக்களைக் கலந்து விதை பெற வேண்டும். கரும்புக்கு முளைக்கும் திறனுள்ள விதை உண்டு என்பதே நெடுங்காலம் ஐயத்துக்குரியதாக இருந்தது. 1858இல் பார்படோசில் கரும்பு நாற்றுகள் காணப்பட்டபோதிலும் அச்செய்தி பரவலாக ஏற்கப்படவில்லை. 1880களின் இறுதியில் ஜாவாவிலும் பார்படோசிலும் தனித்தனியே நடந்த ஆய்வுகளே இதனை உறுதிப்படுத்தின.

வட இந்தியாவில் கரும்பு சில இடங்களில் பூத்தாலும் குளிர்கால இரவுகளின் தட்பத்தால் மகரந்தம் மலடாகி விதை பிடிப்பதில்லை. கோயம்புத்தூர் ஏறத்தாழ 11 பாகை வட அகலாங்கில் அமைந்துள்ளது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று அதன் வெப்பத்தைத் தணிக்கிறது. அங்கு இரவு வெப்பநிலை மிகவும் தாழ்வதில்லை. இதனால் பல வகைக் கரும்புகள் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்தில் பூத்து நல்ல மகரந்தம் தருகின்றன. கரும்பின் காட்டு உறவினமான நாணலும் அங்கு இயற்கையாகவே வளர்ந்திருந்தது. இதனைப் பேய்க்கரும்பு என்றும் அழைப்பர்.

பகல் நீளத்துக்கும் பூத்தலுக்கும் உள்ள தொடர்பை கார்னர், அல்லார்டு என்னும் அமெரிக்க அறிவியலாளர்கள் வெளியிட்டது 1920ஆம் ஆண்டில்தான். கோயம்புத்தூர் நிலையம் அதற்கு எட்டு ஆண்டுகள் முன்னரே தொடங்கிவிட்டது. ஆகவே இடத் தேர்வு கோட்பாட்டின் அடிப்படையில் அமைந்ததன்று. களத்தில் கண்டறிந்த உண்மையின் அடிப்படையில் அமைந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

கோ 205

தடித்த கரும்பின் இனிப்பையும் காட்டு நாணலின் வலிமையையும் ஒரே செடியில் சேர்ப்பது பார்பர், வெங்கடராமன் ஆகியோரின் நோக்கமாக இருந்தது. 1912இல் வெள்ளை என்னும் தடித்த கரும்பைப் பெண்ணாகவும், கோயம்புத்தூர் நாணலை ஆணாகவும் கொண்டு கலப்பு செய்யப்பட்டது. முன்னது சக்காரம் அஃபிசினாரம் என்னும் இனத்தையும், பின்னது சக்காரம் ஸ்பொன்டேனியம் என்னும் இனத்தையும் சேர்ந்தது. சர்க்கரையே இல்லாத ஒரு புல்லைக் கரும்புடன் கலப்பது வணிகப் பயன்பாட்டுக்கு உதவாது என்ற கருத்தே அப்போது இயல்பானதாக இருந்தது.

இக்கலப்பில் பிறந்த நாற்றுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்று கோ 205 என்னும் பெயரில் 1918இல் வெளியிடப்பட்டது. கோ என்பது கோயம்புத்தூரைக் குறிக்கும். பஞ்சாபில் இந்த இரகம் உள்ளூர்க் கரும்பைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதல் விளைச்சல் தந்தது. வறட்சியையும் நீர் தேங்குதலையும் அது தாங்கியது.

கோ 205 மரபியல் நோக்கிலும் சிறப்புடையது. தடித்த கரும்பில் 80 நிறப்புரிகளும் கோயம்புத்தூர் நாணலில் 64 நிறப்புரிகளும் உள்ளன. இரண்டிலிருந்தும் பாதி பாதியாக வந்தால் கலப்பினத்தில் 72 இருக்க வேண்டும். ஆனால் கோ 205இல் 112 நிறப்புரிகள் காணப்பட்டன. தாய்க் கரும்பு தன் 80 நிறப்புரிகளையும் முழுமையாக வழங்க, தந்தையான நாணல் 32 நிறப்புரிகளை மட்டும் வழங்கியதே இதற்குக் காரணம். கரும்பின் இனிப்புத் தன்மை ஒரே தலைமுறையில் பெருமளவு காக்கப்பட்டதை இது விளக்குகிறது.

பூப்பும் கலப்பு முறைகளும்

1910களின் இறுதியில் பார்பர் பணியிலிருந்து விலகியபின் நிலையத்தின் பொறுப்பு வெங்கடராமனிடம் வந்தது. 1942இல் ஓய்வு பெறும் வரை அவர் இப்பொறுப்பில் இருந்தார்.

அவர் எதிர்கொண்ட முதன்மையான இடர்ப்பாடு பூக்கும் காலம் பற்றியது. எல்லா இரகங்களும் ஒரே நேரத்தில் பூப்பதில்லை. நாணல் வகைகள் முன்னதாகவே பூத்துவிடும். தடித்த கரும்புகளுள் பல தாமதமாகப் பூக்கும். சில பூப்பதே இல்லை. கரும்பின் மகரந்தம் மிகக் குறுகிய நேரமே உயிர்ப்புடன் இருக்கும். எனவே கலக்க விரும்பும் இரண்டு செடிகளும் ஒரே நாட்களில் பூத்தால் மட்டுமே கலப்பு இயலும்.

கரும்பின் பூ மிகச் சிறியது. ஒரு கதிரில் பல ஆயிரம் பூக்கள் இருக்கும். அவற்றிலிருந்து ஆண் உறுப்புகளை ஒவ்வொன்றாக நீக்குவது இயலாத செயல். ஆகையால் இயற்கையிலேயே மகரந்தம் மலடாக உள்ள இரகங்கள் பெண்ணாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. மகரந்தத்தில் அயோடின் கரைசலை இட்டு மாவுப்பொருள் உள்ளதா எனச் சோதிப்பதன் மூலம் வளமான மகரந்தம் அடையாளம் காணப்பட்டது. மாவுப்பொருள் நிறைந்த மகரந்தம் கருநீலமாக மாறும். மலடானது நிறம் மாறாது.

ஆண் செடி வயலின் ஒரு மூலையிலும் பெண் செடி வேறொரு மூலையிலும் இருந்தால் அவற்றை அருகருகே கொண்டுவர வேண்டியிருந்தது. இதற்காக நிற்கும் கரும்பின் கணுக்களைச் சுற்றி மண் கட்டி, அங்கு வேர் விடச்செய்து, பின்னர் அதனைக் கீழே வெட்டி வேண்டிய இடத்துக்கு எடுத்துச்செல்லும் பதியன் முறை கோயம்புத்தூரில் கையாளப்பட்டது. வேர்கள் நீரை உறிஞ்சுவதால் வெட்டப்பட்ட கரும்பு வாடாமல் நின்று மகரந்தம் தந்தது.

கலப்புக்குப் பின் கிடைக்கும் கரும்பு விதை, பருத்திப் பஞ்சைப் போன்ற மெல்லிய இழைகளால் சூழப்பட்டிருக்கும். ஒரு கிராம் பஞ்சில் பல நூறு விதைகள் இருக்கலாம். அவற்றை மண் சட்டிகளில் தூவி முளைக்கவைத்து, நாற்றுகளை வயலில் நட்டு, ஆண்டுக்கணக்கில் தேர்வு செய்தபின்னரே ஓர் இரகம் பெயர் பெறும். பல ஆயிரம் நாற்றுகளில் ஒன்றிரண்டே அந்நிலையை எட்டும்.

முக்கிய இரகங்கள்

வெங்கடராமன் இரண்டு இனங்களின் கலப்போடு நிற்கவில்லை. தடித்த கரும்பு, நாணல், வட இந்தியாவின் மெல்லிய நாட்டுக் கரும்பு ஆகிய மூன்றையும் ஒன்றிணைத்தார். இந்த மெல்லிய கரும்புக்குப் பின்னாளில் பார்பரின் நினைவாகச் சக்காரம் பார்பெரி என்னும் அறிவியற்பெயர் இடப்பட்டது. மூவினக் கலப்பில் தோன்றியவற்றுள் கோ 281, கோ 290 ஆகியவை பெரும்புகழ் பெற்றன. கோ 281 ஜாவாவின் பி.ஓ.ஜே. 213 என்னும் இரகத்தைத் தாயாகக் கொண்டது. இவ்விரு இரகங்களும் அமெரிக்காவின் லூசியானா, தென்னாப்பிரிக்கா முதலிய இடங்களிலும் பயிரிடப்பட்டன.

வட இந்தியாவில் கோ 213, கோ 312 ஆகியவை பரவின. வெப்பமண்டலப் பகுதிகளுக்கு ஜாவாவின் பி.ஓ.ஜே. 2878 என்னும் இரகத்தையும் கோ 290 என்னும் இரகத்தையும் கலந்து கோ 419 உருவாக்கப்பட்டது. 1933இல் வெளிவந்த இது தென்னிந்தியாவிலும் மேற்கு இந்தியாவிலும் பல பத்தாண்டுகள் முதன்மை இரகமாக நிலைத்தது.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் கரும்பு இயல்பாக வளமான விதை தருவதில்லை. ஆகவே கோயம்புத்தூரில் கோ 421, கோ 312 ஆகியவற்றைக் கலந்து பெறப்பட்ட விதை அங்கு அனுப்பப்பட்டது. அவ்விதையிலிருந்து நேட்டாலில் தேர்ந்தெடுக்கப்பட்ட என்.கோ. 310 என்னும் இரகம் 1945இல் வெளியிடப்பட்டு, பின்னர் தைவான், ஒகினாவா உள்ளிட்ட பல பகுதிகளில் பரவியது. அப்பெயரில் முதலெழுத்து நேட்டாலையும் அடுத்தது கோயம்புத்தூரையும் குறிக்கின்றன.

சர்க்கரைத் தொழிலில் தாக்கம்

1920களின் இறுதியில் இந்தியாவின் சர்க்கரை இறக்குமதி ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னை நெருங்கியது. 1932இல் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டு இறக்குமதிச் சர்க்கரைக்கு உயர்ந்த வரி விதிக்கப்பட்டது. அப்போது சுமார் 30 ஆக இருந்த ஆலைகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளிலேயே 130ஐத் தாண்டியது. வரிப் பாதுகாப்பு மட்டும் இவ்வளர்ச்சிக்குப் போதுமானதன்று. ஆலைகளுக்கு வேண்டிய அளவு கரும்பு வயலில் இருந்தாக வேண்டும். அக்கரும்பைத் தந்தவை கோ இரகங்கள். 1930களின் இடைப்பகுதிக்குள் நாடு ஏறக்குறையத் தன்னிறைவை எட்டியது.

தொலைதூரக் கலப்புகள்

கரும்பு முதிர்வதற்குப் பத்து முதல் பன்னிரண்டு மாதங்கள் ஆகும். சிறு உழவரின் நிலமும் நீரும் ஓராண்டு முழுவதும் ஒரே பயிரில் கட்டுண்டு கிடக்கின்றன. சோளமோ நான்கு மாதங்களில் முதிர்ந்துவிடும். குறுகிய காலக் கரும்பைப் பெறும் நோக்கில் வெங்கடராமனும் அவருடன் பணியாற்றிய தாமசும் கரும்பையும் சோளத்தையும் கலந்து, அதன் முடிவுகளை 1930இல் வெளியிட்டனர். பின்னர் மூங்கிலுடனும் கலப்பு முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. இவை வணிக இரகங்களைத் தரவில்லை. எனினும் வெவ்வேறு பேரினங்களுக்கிடையே கலப்பு இயலுமா என்னும் கேள்வியை உலக அளவில் எழுப்பின.

இக்கலப்பினங்களின் நிறப்புரிகளை ஆராய்ந்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள் (1897–1984) ஆவார். 1934இல் கோயம்புத்தூர் நிலையத்தில் சேர்ந்த அவர், கரும்பு, அதன் உறவினப் புற்கள் ஆகியவற்றின் உயிரணு மரபியலில் முன்னோடியாக விளங்கினார். மக்காச்சோளத்துடனான கலப்பையும் ஆராய்ந்தார். கோ இரகங்களின் வெற்றி ஒருவரால் மட்டும் நிகழ்ந்ததன்று. பார்பர் தொடங்கிவைத்த திட்டம், வெங்கடராமனின் தொடர் உழைப்பு, பிற ஆய்வாளர்களின் பங்களிப்பு, களப்பணியாளர்களின் கைத்திறன் ஆகியவை சேர்ந்தே அதனை உருவாக்கின.

பூக்கும் காலத்தின் மரபியல்

வெங்கடராமன் நடைமுறையில் கையாண்ட சிக்கலுக்குப் பிற்கால அறிவியல் விளக்கம் தந்துள்ளது. கரும்பு பகல் நீளத்தை மிக நுட்பமாக உணரும் பயிர். பகல் ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரமாகக் குறையும் நாட்களில், இரவு வெப்பநிலையும் ஏற்றதாக இருந்தால், குருத்து இலை விடுவதை நிறுத்திப் பூக்கதிரை உருவாக்கத் தொடங்கும். கோயம்புத்தூரில் இத்தூண்டல் ஆகஸ்ட் மாதத்தை ஒட்டி நிகழ்கிறது. கதிர் வெளிவர மேலும் சில வாரங்கள் தேவைப்படும். அந்நாட்களில் நள்ளிரவில் சிறிது நேரம் விளக்கு ஏற்றினாலே பூத்தல் தடைப்படும். செடி அளப்பது தொடர்ச்சியான இருளின் நீளத்தையே என்பதற்கு இது சான்று.

வாற்கோதுமை இதற்கு நேர்மாறானது. அது நீண்ட பகலில் விரைந்து பூக்கும் பயிர். அதன் இரண்டாம் நிறப்புரியிலுள்ள பிபிடி-எச்1 என்னும் மரபணுவே நீண்ட பகலுக்கான வினையை முதன்மையாக முடிவு செய்கிறது என 2005இல் கண்டறியப்பட்டது. மத்தியதரைக் கடல் பகுதிகளில் கோடை வெப்பத்துக்கு முன் பயிர் முதிர வேண்டும். அங்கு நீண்ட பகலுக்கு வினையாற்றும் வடிவம் பயன் தருகிறது. வட ஐரோப்பாவில் வசந்தகாலத்தில் விதைக்கும் பயிருக்கு நீண்ட வளர்ச்சிக் காலம் வேண்டும். அங்கு வினை குன்றிய வடிவம் பரவியுள்ளது. குளிர்காலத்துக்குப் பின்னரே பூக்க வேண்டும் என்னும் கட்டுப்பாட்டை வேறு சில மரபணுக்கள் விதிக்கின்றன. இம்மரபணுக்கள் அனுப்பும் ஆணைகள் இறுதியில் பூத்தலைத் தூண்டும் ஒரு புரதத்தில் சென்று சேர்கின்றன. இலையில் உருவாகி நுனிக்குச் செல்லும் அப்புரதத்தின் இணைகள் நெல் உள்ளிட்ட பல பயிர்களிலும் உள்ளன. தமிழகத்தில் மரபான சம்பா நெல் வகைகள் பகல் குறையும் பருவத்துக்குக் காத்திருந்து பூப்பதும், குறுவை வகைகள் அவ்வாறு காத்திராமல் பூப்பதும் இத்தகைய மரபணு வேறுபாடுகளால் ஆகும்.

வாற்கோதுமையில் ஏழு இணை நிறப்புரிகளே உள்ளன. ஆகவே ஒரு மரபணுவைத் தனித்து அறிவது எளிது. இன்றைய கரும்பிலோ நூறுக்கு மேற்பட்ட நிறப்புரிகள் உள்ளன. ஒவ்வொரு மரபணுவும் பல படிகளாக அமைந்துள்ளது. இதனால் கரும்பின் பூப்பு மரபியல் இன்னும் முழுமையாகத் தெளிவுபடவில்லை. பரவலாக ஆராயப்படும் ஆர் 570 என்னும் கரும்பு இரகத்தின் விரிவான மரபுத்தொகுதி 2024இல்தான் வெளியானது.

பூத்தல் குறித்து இனப்பெருக்க வல்லுநரின் தேவையும் உழவரின் தேவையும் முரண்படுகின்றன. பூக்காத கரும்பில் கலப்பு செய்ய இயலாது. ஆனால் வயலில் பூத்த கரும்பு மேலும் வளராது. வெட்டத் தாமதமானால் தண்டின் நடுப்பகுதி வெளிறிச் சாறு வற்றும். ஆகவே கலப்புத் தோட்டத்தில் பூக்கவைக்கக்கூடியதாகவும் வயலில் அரிதாகப் பூப்பதாகவும் உள்ள இரகமே விரும்பப்படுகிறது. உலகின் பல ஆய்வு நிலையங்களில் பகல் நீளத்தைச் செயற்கையாகக் கட்டுப்படுத்தும் அறைகள் இதற்கெனப் பயன்படுகின்றன.

குறைபாடுகள்

தொடக்ககாலக் கலப்புகளில் மிகச் சில தாய்க் கரும்புகளும் மிகச் சில நாணல் வகைகளுமே பயன்பட்டன. பிற்கால இரகங்கள் பெரும்பாலும் இவற்றின் வழித்தோன்றல்கள். இதனால் அவற்றின் மரபு அடித்தளம் குறுகியதாக அமைந்தது. ஒரே இரகம் பெரும்பரப்பில் பயிரிடப்பட்டபோது நோயும் எளிதில் பரவியது. 1930களின் இறுதியில் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் வட பீகாரிலும் செவ்வழுகல் நோய் கோ 213 இரகத்தைப் பெரிதும் அழித்தது. 2009இல் வெளியாகி வட இந்தியா முழுவதும் பரவிய கோ 0238 இரகமும் அதே நோயின் புதிய வகைக்கு ஆட்பட்டுள்ளது. எனவே புதிய காட்டு வகைகளைக் கலப்பில் சேர்ப்பது தொடர்ந்து நடைபெறும் பணியாக உள்ளது.

சிறப்புகள்

வெங்கடராமன் 1937இல் ஹைதராபாத்தில் நடைபெற்ற இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். அங்கு அவர் தம் துறையான கரும்பைப் பொருளாகக் கொள்ளாமல், இந்தியக் கிராமத்தின் கடந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம் ஆகியவற்றைப் பற்றித் தலைமையுரை ஆற்றினார். ஆங்கில அரசு அவருக்கு ராவ் பகதூர், சி.ஐ.இ. ஆகிய சிறப்புகளையும் 1942இல் சர் பட்டத்தையும் வழங்கியது. விடுதலைக்குப் பின் 1956இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது அளித்தது. அவர் 1963ஆம் ஆண்டு ஜனவரி 18 அன்று காலமானார்.

கொங்கு நாட்டில்

வெங்கடராமன் பணியாற்றிய காலத்தில் இன்றைய திருப்பூர் மாவட்டத்தின் பெரும்பகுதி கோயம்புத்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. திருப்பூர் தனி மாவட்டமானது 2009இல் ஆகும். கிணற்றுப் பாசன நிலங்களில் விளைந்த கம்போடியா பருத்தி திருப்பூரைப் பஞ்சுச் சந்தையாக்கி, பின்னர் பின்னலாடைத் தொழிலுக்கும் வழிவகுத்தது. அமராவதி ஆற்றுப் பாசனம் பெறும் உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம் பகுதிகளில் கரும்பு முக்கியப் பயிராக வளர்ந்தது. மடத்துக்குளத்தை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் அமராவதி கூட்டுறவு சர்க்கரை ஆலை நிறுவப்பட்டது.

கோயம்புத்தூர் நிலையம் 1969இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் வந்தது. வீரகேரளத்தில் அமைந்துள்ள இந்நிறுவனத்தின் தேசியக் கலப்புத் தோட்டத்தில், பூக்கும் பருவத்தில் நாட்டின் பல மாநிலங்களைச் சேர்ந்த ஆய்வு நிலையங்கள் தமக்கு வேண்டிய கலப்புகளைச் செய்து விதையைப் பெற்றுச் செல்கின்றன. தமிழகத்தில் நெடுங்காலமாகப் பரவலாகப் பயிரிடப்பட்டுவரும் கோ 86032 உள்ளிட்ட இரகங்கள் வெங்கடராமன் காலத்தில் தொடங்கிய எண் வரிசையின் தொடர்ச்சியே ஆகும்.